ஓட்டியவர் பெயர் ஊருக்குத் தெரியும்... முடுக்கியவர் பெயர்?

சோழவரம் கார் ரேஸில் ஸ்பேனர் பிடித்த தாமல் மெக்கானிக் ஒருவரின் நினைவுகள்

எண்பதுகளின் தொடக்கம். பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, நண்பகல். சோழவரம் ஓடுதளத்தின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டிய நிழல். அதற்குள் ஒரு ஃபியட் கார், பானெட் திறந்தபடி நிற்கிறது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் வெளுத்து நுரைத்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது. அடுத்த ரேஸுக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

ஓட்டுகிறவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். “கழட்டுங்கப்பா, கழட்டுங்க” என்கிறார். ரிங் ஸ்பேனரோடு கீழே குந்தியிருக்கும் இளைஞர் அசையவில்லை. அது அலுமினிய ஹெட். சூட்டோடு நட்டைத் தளர்த்தினால் வளைந்துவிடும். வளைந்த ஹெட்டில் எந்த கேஸ்கட்டும் உட்காராது. ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டுக் கை வைத்தால் பொறுக்கிற சூடு வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்தடி தள்ளி ரேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை. அரை மணி நேரம் அந்த இளைஞர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு நான் செஞ்ச பெரிய வேலை அந்த அரை மணி நேரம் சும்மா இருந்ததுதான்” என்கிறார் இப்போது.

பிறகு நான்கு கைகள் வேலையில் இறங்கின. ராக்கர் ஷாஃப்ட் கழன்றது. எட்டு புஷ்ராடுகளும் வெளியே வந்தன. ஓர் அட்டைப்பெட்டி மூடியில் எட்டு ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசை மாறாமல் செருகி வைத்தார்கள். எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த இடத்துக்கே அது திரும்பிப் போக வேண்டும். பழைய கேஸ்கட்டின் பிசிறைப் பிளேடால் சுரண்டினார்கள், கீறல் விழாமல். புது கேஸ்கட் உட்கார்ந்தது. அணியில் டார்க் ரெஞ்ச் கிடையாது. நடு நட்டில் தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக வெளியே போய், மூன்று சுற்று முடுக்கினார்கள். கடைசிச் சுற்றில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைத் தோள்தான் சொல்ல வேண்டும். கெட்டுப்போன ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, டாப்பெட் வைத்து, ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென வந்து மெல்ல நின்றது.

கார் கடைசி வரிசையிலிருந்து கிளம்பி ஏழாவதாக வந்தது. மறுநாள் பேப்பரில் முதல் மூன்று பேரின் பெயர் வந்திருந்தது.

ஹெட்டை முடுக்கிய அந்த இளைஞர் என் தாய்மாமா. சொந்த ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த தாமல். இப்போது அறுபத்தெட்டு வயது.

2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. அதிலிருந்து தமிழ்நாட்டில் கார் ரேஸ் பேசாத டீக்கடை இல்லை. தாமல் பஸ் நிறுத்தத்திலும் அதுதான் பேச்சு. தேசியக் கொடியோடு அவர் ஓடிவரும் வீடியோவை எல்லோரும் பார்த்தார்கள், மாமாவும் பார்த்தார். ஆனால் அவர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தது பிட் காட்சிகளை. “தூங்காம நிக்கிறானுங்க பாரு, அவனுங்க பேரு எங்கனா போட்டிருக்கா?” என்று கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஓடுதளம் ரேஸ் தளமானது

இரண்டாம் உலகப்போர் காலத்தில் விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் சோழவரத்தில் இருந்தது. சென்னையிலிருந்து ஜி.என்.டி. சாலையில் வடக்கே, செங்குன்றம் தாண்டிப் போக வேண்டும். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. மோட்டார் பைத்தியம் பிடித்த சென்னைக்காரர்கள் சிலர் கூடித் தொடங்கிய சங்கம் அது. அவர்களுக்கு அந்தக் கைவிடப்பட்ட தளம் கிடைத்தது. ஐம்பதுகளிலிருந்து எண்பதுகளின் இறுதிவரை இந்திய மோட்டார் பந்தயத்தின் தலைமையிடம் சோழவரம்தான்.

மகாராஜாக்கள் வெளிநாட்டுக் கார்களோடு வந்தார்கள். விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா 1 காரையே கொண்டுவந்து ஓட்டினார். கோவையிலிருந்து கரிவர்தன் வந்தார். கல்கத்தா, பம்பாய், பெங்களூரு அணிகள் ரயிலிலும் லாரியிலும் வண்டிகளை ஏற்றிவந்தன. இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவே, சொந்தக் காசைப் போட்டு ஃபியட், ஹெரால்டு கார்களும் யெஸ்டி பைக்கும் ஓட்டியவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ரேஸ் அட்டவணையை நிரப்பியவர்கள் அவர்களே. மாமா வேலை பார்த்தது அப்படி ஓர் அமெச்சூர் அணியில்.

┌─────────────────────
சோழவரம் முதல் தீவுத்திடல் வரை

▪ 1953: மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடக்கம்

▪ 1971: இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது

▪ 1990: ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சென்னை சங்கத்தின் சொந்த ரேஸ் தளம் திறப்பு. நீளம் 3.717 கிலோமீட்டர்

▪ 2005: நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1-ல் முதல் இந்தியர்

▪ 2010: சென்னையின் கருண் சந்தோக் ஃபார்முலா 1-ல். இவருடைய தாத்தா இந்து சந்தோக், சென்னை சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்

▪ 2024: சென்னை தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவு நேர ஃபார்முலா 4 ரேஸ். தளத்தின் நீளம் 3.5 கிலோமீட்டர்
└─────────────────────

பட்டும் கிரீஸும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது தாமல். தொண்டைமண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் ஒன்றான தாமர் கோட்டம் இந்த ஊர்ப் பெயரில்தான் இருந்தது. தாமோதரப் பெருமாள் கோயில், வராகீசுவரர் கோயில், கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் ஏரி. மாமாவின் சிறுவயது இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடியது.

தாத்தா காஞ்சிபுரத்துச் சொசைட்டிக்கு நெய்தவர். வீட்டிலேயே குழித்தறி. கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டையும் ஊடையால் கோக்க வேண்டும். அதற்காக ஒரு பக்கத்தில் உதவிக்கு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமாவுக்கு அந்த வேலைதான். ஓர் ஊடை தப்பினாலும் கோர்வையில் பல் விழுந்துவிடும். பல் விழுந்த சேலைக்குச் சொசைட்டியில் கூலி குறையும்.

அந்தப் பையனுக்கு ஏரிக்கரை ஓரத்து லாரி ஷெட்டில்தான் மனசு. பெங்களூரு போகும் லாரிகள் அங்கே மூச்சுத் திணறி நிற்கும். டைனமோ, ஃப்யூவல் பம்ப், லீஃப் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தது. வீட்டில் சண்டையும் வந்தது. கிரீஸ் பட்ட விரலோடு பட்டுப் பக்கம் போக முடியுமா? மண்ணெண்ணெயில் கழுவி, அரப்புத் தூள் போட்டுத் தேய்த்து, வெள்ளை வேட்டி முனையில் துடைத்துக் காட்ட வேண்டும். வேட்டியில் கறை இல்லையென்றால்தான் தாத்தா தறிக்கூடத்துக்குள் விடுவார். நகக்கண்ணில் கறுப்பு தெரிந்தால் திண்ணையோடு சரி.

“எங்கப்பா நகத்தப் பாத்த மாதிரி சோழவரத்துல ஸ்க்ரூட்டினி ஆபீசருகூட வண்டியப் பாத்ததில்ல” என்கிறார் மாமா.

பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போனார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப். உதிரிபாகக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதி அது. புதுப்பேட்டையில் எது கிடைக்கும், ஜி.பி. ரோட்டில் எது கிடைக்கும் என்று ஆறு மாதத்தில் மனப்பாடமாகிவிட்டது. அங்கே கார் விட வந்த வாடிக்கையாளர் ஒருவர்தான் ஒருநாள், “சோழவரம் வர்றியாப்பா? சம்பளம் கெடையாது, சாப்பாடு உண்டு” என்று கேட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் போகும் ரேஸ் கார்

அணி என்றால் இன்று கண் முன்னால் வருவது ஒரே நிறச் சட்டை, கன்டெய்னர் லாரி, கணினித் திரை. மாமாவின் அணி நான்கு நண்பர்களும் இரண்டு மெக்கானிக்குகளும். நால்வரில் ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் குடும்பத்து மரக்கடை, மற்ற இருவருக்கு எழுதிச் சொல்லும்படி தொழில் இல்லை. கார் மரக்கடைக்காரருடையது. அவரே ஓட்டுவார். மற்றவர்கள் பெட்ரோல், டயர், நுழைவுக் கட்டணம் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அதே கார்தான் வாரநாளில் கடைக்குப் போகும். டிசம்பர் கடைசியில் பின்சீட்டைக் கழற்றுவார்கள். ஹெட்டை லேத்தில் கொடுத்து இம்மியளவு மழிப்பார்கள், கம்ப்ரஷன் ஏறுவதற்காக. அதிகம் மழித்தால் அன்றைய மட்டப் பெட்ரோலுக்கு என்ஜின் தட்டும், கேஸ்கட் போகும். முதலில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நடந்தது அதுதான். போர்ட்டுகளை அரத்தால் ராவி, எமரி போட்டு வழவழப்பாக்குவார்கள். ஃப்ளைவீலில் எடை குறைப்பார்கள். ரேஸுக்குச் சோழவரம் வரை காரைச் சாலையிலேயே ஓட்டிப்போய், கதவில் எண் ஒட்டி, ஹெட்லைட் கண்ணாடி உடைந்து சிதறாமல் இருக்கப் பிளாஸ்திரி டேப் போட்டுத் தளத்தில் இறக்குவார்கள். ஞாயிறு இரவு டேப்பைப் பிய்த்துவிட்டு அதே காரில் வீடு. திங்கட்கிழமை மரக்கடை வாசலில் நிற்கும் அந்த ஃபியட்டைப் பார்ப்பவருக்கு அது முந்தின நாள் பட்ட பாடு தெரியாது.

பணக்காரர் விளையாட்டு என்று ரேஸைச் சொல்வது வழக்கம். மேல்தட்டைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் சோழவரத்தின் கீழ்த்தட்டு முழுக்க இப்படிப்பட்ட கூட்டுக் காசும் கூட்டு உழைப்பும்தான். அந்த உழைப்பில் பாதி தாமல் மாதிரி ஊர்களிலிருந்து வந்தது. இதை எழுத்தில் யாரும் பதிவு செய்யவில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

பிளக் சொல்லும் சேதி

கார்புரேட்டர் சரியாக இருக்கிறதா என்று சொல்ல இன்று லேப்டாப் இருக்கிறது. அன்று ஸ்பார்க் பிளக்தான். ஓட்டுகிறவர் நேர்த்தளத்தில் முழு வேகத்தில் வருவார். தள ஓரத்துக் குறிப்பிட்ட மணல் டிரம் வந்ததும் இக்னிஷனை அணைத்து, கிளட்சை மிதித்து, கார் தானாக உருண்டு நிற்கவிட வேண்டும். மெதுவாக்கி ஓட்டி வந்தால் பிளக்கின் நிறம் மாறிவிடும். மாமா ஓடிப்போய் நான்கு பிளக்கையும் கழற்றி, நடுப்பீங்கானை வெளிச்சத்தில் பார்ப்பார். காப்பிக்கொட்டை நிறம் என்றால் கலவை சரி. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், சின்ன ஜெட் போட வேண்டும். வெளுத்திருந்தால் ஆபத்து, கலவை வறண்டு பிஸ்டன் உருகப் போகிறது என்று அர்த்தம்.

“கறுப்புக்குப் பயப்படாத, வெளுப்புக்குப் பயப்படு” என்று அவர் பையன்களுக்குச் சொல்வாராம். வேகம் தேடுகிறவர்கள் கலவையை வெளுப்புப் பக்கமாகவே தள்ளப் பார்ப்பார்கள். கடைசி இரண்டு சுற்றில் நின்றுபோன கார்களில் பலவும் அப்படிப் போனவை என்பது அவர் கணக்கு.

அணியில் ஒரு யெஸ்டியும் இருந்தது. டூ ஸ்ட்ரோக் என்ஜின், பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். ரேஸ் நாளில் சாதாரண எண்ணெய்க்குப் பதில் ஆமணக்கு எண்ணெய். எவ்வளவு சூடேறினாலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் உலகம் முழுக்க ரேஸ் வண்டிகளுக்கு அதைத்தான் நம்பினார்கள். ஆனால் பெட்ரோலோடு முழுசாகச் சேராது, நின்றால் பிரிந்துவிடும். கலக்கிய கையோடு ஊற்றி, வண்டியையும் ஆட்டிவிட வேண்டும். ரேஸ் முடிந்ததும் பிஸ்டனில் பிசின் படிந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பாட்டி வயிற்றுக்கு ஊற்றிய விளக்கெண்ணெயின் வாடை சோழவரம் முழுக்க அடித்ததைச் சொல்லும்போது மாமாவின் முகம் மலர்கிறது.

மஞ்சள் கோடு

உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தவர் ஓர் இடத்தில் குரலைத் தாழ்த்தினார்.

ஒரு வருடம் பயிற்சி ஓட்டத்தில் அவர்கள் காரின் முன்சக்கரம் ஆடத் தொடங்கியது. ஓட்டியவருக்கு ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரிந்து, தளத்தை விட்டு மணலில் இறக்கிவிட்டார். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் ஒரு போல்ட் இல்லை, மற்றவை தளர்ந்திருக்கின்றன. கடைசியாக அந்தச் சக்கரத்தைப் போட்டது மாமா. முடுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனார், திரும்பிவந்து பானெட் வேலையில் உட்கார்ந்துவிட்டார்.

ஓட்டியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் கோபப்படவும் இல்லை, தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். “அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்” என்கிறார் மாமா. அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த வாரம் தாமலுக்கு வந்தபோது தறிக்கூடத்தில் தாத்தாவிடம் சொல்லியிருக்கிறார். தாத்தா கேட்டது ஒரே கேள்வி: “நடுவுல எதுக்கு எழுந்த?”

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இழுப்பது. நட்டு துளி திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். முடுக்கியவர் கோடு போடக் கூடாது. இன்னொருவர் ஸ்பேனர் வைத்து இழுத்துப் பார்த்த பிறகு அவர்தான் போட வேண்டும். விமானத் தொழிலிலும் பெரிய ரேஸ் அணிகளிலும் இது நெடுநாள் வழக்கம். மாமா அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

பந்தயத்தின் ஆபத்து பழங்கதையாகிவிடவில்லை. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் ரேஸின்போது நடந்த விபத்தில் இறந்தார். அவருக்கு 59 வயது. பல பத்தாண்டுகள் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போடு வாழ்ந்தவர், சொந்த ஆசைக்காக ஓட்டியவர். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தளத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அந்த வார இறுதியின் மீதிப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன. பதின்மூன்று வயதில் எவ்வளவு வேகம் தகும் என்ற கேள்வியை அந்தச் சாவு எழுப்பியது. அது பெற்றோரும் சங்கங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி. எந்த வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவிலும் அதை ஒத்திப்போடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

┌─────────────────────
800 சிசியில் பிறந்த பள்ளிக்கூடம்

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன் சோழவரத்தில் ஓட்டியவர், காரை வடிவமைக்கவும் தெரிந்தவர். மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் என்ஜினை வைத்து, ஒற்றை இருக்கை ரேஸ் காரை உள்நாட்டிலேயே மலிவாகக் கட்டினார். எண்பதுகளின் இறுதியில் ஃபார்முலா மாருதி பிறந்தது. வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. தென்னிந்திய ராலியைப் பலமுறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மகன் நரேன் ரேஸில் இறங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-க்குப் போன நரேன், அந்த ஆண்டு அமெரிக்க கிராண்ட் ப்ரீயில் நான்காமிடம் பெற்றார். கரிவர்தன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.
└─────────────────────

தளம் வந்தது, தொழிற்சாலை வந்தது, அணி போனது

1990-ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. மாமாவுக்கு அது சொந்த ஊருக்கு வந்த மாதிரி. தாமல் நிற்கும் அதே பெங்களூரு நெடுஞ்சாலை, காஞ்சிபுரத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் வந்துவிடும். வளைவும் திருப்பமுமாகத் திட்டமிட்டுக் கட்டிய தளம், சரியான பிட், வேலி. சோழவரத்தில் வைக்கோல் கட்டுக்கும் மணல் டிரம்முக்கும் பின்னால் நெருக்கியடித்த கூட்டம் இங்கே தள்ளி நின்றது. அந்த மாற்றம் எவ்வளவோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

அப்போது சுற்றிலும் பொட்டல் வெளி. சில ஆண்டுகளில் பக்கத்திலேயே ஹூண்டாய் வந்தது. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது. அடுத்து ஒரகடத்தில் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு. காஞ்சிபுரத்துத் தறி வீடுகளின் பிள்ளைகள் ஐ.டி.ஐ. முடித்துக் கம்பெனி பஸ் ஏறினார்கள். மாமாவின் பெரிய பையனும் அப்படித்தான் போனான். வீட்டில் இப்போது தறி இல்லை. தறிக்குழி இருந்த இடத்தில் டைல்ஸ் போட்டிருக்கிறார்கள்.

அமெச்சூர் அணிகளின் நிலை என்ன? பல பிரிவுகளில் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரி வண்டிகள் ஓடுகின்றன. வண்டியைத் தருவதும் பராமரிப்பதும் கம்பெனி ஆட்கள். ஓட்டுகிறவர் கட்டணம் கட்டிவிட்டு ஹெல்மெட்டோடு வந்தால் போதும். யாருக்கும் வண்டியில் கூடுதல் சாதகம் கிடையாது, திறமை மட்டும் பேசும். இது நியாயமான ஏற்பாடு. பத்தொன்பது வயதுப் பையனுக்கு ரேஸ் ஓட்டும் வாய்ப்பை முன்பைவிட எளிதாகக் கொடுக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். முத்திரை போட்ட என்ஜினை எந்த மெக்கானிக்கும் திறக்க முடியாது. ஹெட்டை எவ்வளவு மழிக்கலாம், போர்ட்டை எங்கே ராவலாம் என்று ஒருவன் தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ளும் இடம் சுருங்கிவிட்டது. பழைய எஸ்டீமையும் போலோவையும் சொந்தச் செலவில் தயார் செய்து ஓட்டும் தனியார் அணிகள் இன்னும் இருக்கின்றன. மாமாவின் ஆட்கள் மிச்சமிருப்பது அந்தப் பிரிவுகளில்தான். இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறவர்கள் பெரிய கம்பெனிகளின் கூடாரத்தைத் தாண்டி, கடைசி ஷெட்டுகள் வரை நடந்து பார்க்க வேண்டும்.

மாமா தொண்ணூறுகளின் நடுவில் நிறுத்திக்கொண்டார். முதுகு ஒத்துழைக்கவில்லை, பிள்ளைகள் படிப்புக்கு வந்துவிட்டார்கள். அணியும் கலைந்தது. மரக்கடைக்காரர் காரை விற்றுவிட்டார்.

அத்தையின் கணக்கு

இந்தக் கதையில் ரேஸ் தளத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரும் இருக்கிறார், என் அத்தை.

“பிப்ரவரி மாசம்னா இவுரு வூட்ல இருக்க மாட்டாரு. ஒர்க்‌ஷாப்ல அரைச் சம்பளந்தான் வரும், லீவு போட்டுகினு போயிடுவாரு இல்ல. பெரியவன் பொறந்தப்பகூட இவுரு சோழவரத்துல” என்கிறார். சொல்லும்போது குரலில் கசப்பு இல்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

கேஸ்கட் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாமாவுக்கு டார்க் ரெஞ்ச் மேல் ஆசை வந்துவிட்டது. தோள் கணக்கில் இனி முடுக்க மாட்டேன் என்றார். காசு இல்லை. அத்தையின் கம்மல் காஞ்சிபுரத்து அடகுக்கடைக்குப் போனது. ரெஞ்ச் வந்தது. கம்மல் திரும்பிவர இரண்டு வருடம் ஆயிற்று. வேப்பங்குச்சி செருகிய காதோடு தங்கை கல்யாணத்துக்குப் போனதை அத்தை சொன்னபோது மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

பொழுதுபோக்கு என்று பெயரிட்ட எந்த விளையாட்டுக்கும் வீட்டில் ஒருவர் இப்படிக் கூலி கட்டிக்கொண்டிருப்பார். ஓட்டியவர்களின் வீடுகளுக்கு அது தாங்கும். மெக்கானிக்கின் வீட்டுக்கு அது ஒரு மாத அரிசி.

சேலைக்கு உண்டு, காருக்கு இல்லை

நூற்றாண்டுகளாகக் காஞ்சிபுரச் சேலையில் நெய்தவர் பெயர் கிடையாது. 2010-களில் கோ-ஆப்டெக்ஸ் ஒரு காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு, அதை நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை வைத்தது. சின்ன அட்டைதான். ஆனால் சேலை வாங்குகிறவர் அதை எடுத்துப் பார்க்கிறார், நெய்தவர் முகத்தைப் பார்க்கிறார். தாத்தா காலத்தில் அது வந்திருந்தால் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்.

ரேஸ் முடிந்ததும் ஒட்டப்படும் முடிவுத்தாளில் ஓட்டியவர் பெயர், அணியின் பெயர், வண்டி, சுற்றுகள், நேரம் எல்லாம் இருக்கும். மெக்கானிக் பெயருக்கு ஒரு கட்டம் சேர்ப்பதற்கு என்ன செலவாகும்? 2023 கத்தார் கிராண்ட் ப்ரீயில் மெக்லாரன் குழு 1.80 விநாடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றிச் சாதனை படைத்தது. உலகமே அந்த வீடியோவைப் பார்த்தது, அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயரைக் கேட்டால் தெரிந்தவர்கள் மிகச் சிலர். உலக அரங்கில் செய்யாததை இருங்காட்டுக்கோட்டையில் முதலில் செய்யலாம். நுழைவுப் படிவத்தில் ஒரு வரி, முடிவுத்தாளில் ஒரு கட்டம், அவ்வளவுதான் தேவை. அணிகளும் சங்கமும் அடுத்த சீசனிலேயே தொடங்கலாம்.

பழைய ஆட்களுக்கு அவகாசம் குறைவு. சோழவரத்தில் இருபது வயதில் வேலை பார்த்தவர்களில் இளையவருக்கே இன்று அறுபது நெருங்குகிறது. மாமாவோடு அந்த ஹெட்டைத் தூக்கி வைத்த இன்னொரு மெக்கானிக் போன வருடம் தவறிவிட்டார்.

மாமாவின் பெயரை இந்தக் கட்டுரையில் போடவே விரும்பினேன். அவர் சம்மதிக்கவில்லை. “என் பேர மட்டும் போட்டா மத்தவனுங்கள மறைச்ச மாதிரி ஆயிடும்டா. போட்டா எல்லாரு பேரும் போடு. ஜி.பி. ரோடுல லேத்து ஓட்டினவரு, எங்களுக்கு டயர் மாத்த வந்த செங்குன்றத்துப் பையன், எல்லாரும்” என்றார். பிறகு ஒரு பள்ளி நோட்டை எடுத்துவந்து கொடுத்தார். உள்ளே பென்சிலில் பெயர்கள். சிலருக்கு ஊர் தெரிந்திருக்கிறது, சிலருக்குப் பட்டப்பெயர் மட்டும். உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டு, அனுமதி வாங்கி, அந்தப் பட்டியலை முழுமையாக்கும் வேலையை ஆரம்பித்திருக்கிறோம்.

சோழவரம் ரேஸ் படங்கள் உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கலாம். அப்பாவோ சித்தப்பாவோ காருக்குப் பக்கத்தில் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். எடுத்துப் பாருங்கள். காருக்கு அடியில் கால் மட்டும் தெரிகிறதே, அது யாருடையது என்று அவரிடம் இந்த வாரமே கேளுங்கள். சொன்ன பெயரைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள், வருடத்தோடு.